முட்டை வாங்கிய முதல் பெஞ்ச்

மணி அடித்தது. ஆசிரியர்கள் அறையில் இருந்த முக்கால்வாசிப் பேர் பாதி எழுந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். நான் ஒருத்தன்தான் முழுசாக எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன்.

"உட்காருங்க சார், அது சும்மா அடிக்குது," என்றார் வரலாற்று வாத்தியார், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. "இந்த ஆன்லைன் வகுப்புத் தளம் வந்ததும் டைம்டேபிள், மணி எல்லாத்தையும் அதோட கோத்து விட்டாங்க. அன்னையிலேருந்து அதுக்கு எப்ப தோணுதோ அப்ப அடிக்குது."

"அப்ப கடைசி மணி எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அதுக்கப்புறம் மணி அடிக்கலைன்னா அதுதான் கடைசி."

கிழிஞ்சது போ என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்குக் கெடுவே அந்தக் கடைசி மணிதான். அது அடித்ததும் மீட்டிங். மீட்டிங்கில் ஒரு பெண்ணுக்கு டி.சி. கொடுத்து வெளியே அனுப்பப் போகிறார்கள். பத்தாவது படிக்கிற பெண், பொதுத்தேர்வு எழுத வேண்டிய வருஷம். திருடி என்ற பட்டத்தோடு நடுவில் வருகிறவளை எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்?

அக்கா இந்தப் பேச்சு எதையும் காதில் வாங்கவில்லை. அவள் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். அக்கா என்றால் எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது, நானும் கூப்பிடுகிறேன். துப்பறியும் தொழிலில் அவள் முதலாளி, நான் கைத்தடி. வேலை என்று வந்துவிட்டால் அவள் உட்காரவே மாட்டாள், உட்கார்ந்தால் மூளையும் கூடவே உட்கார்ந்துவிடுமாம். அவள் பின்னாலேயே நடந்து நடந்து என் புது ஷூ கடித்து, இரண்டு குதிகாலும் தோலுரிந்து போயிருந்தது. என்னை அவள் கூப்பிடுவது 'ஓட்டைவாய்' என்று. காரணம் போகப் போகத் தெரியும்.

விஷயம் இதுதான். இந்தப் பள்ளியின் அறிவியல் டீச்சர் காலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரை மேஜைமேல் சுற்றிக்கொண்டே சொன்னார்.

ஆன்லைன் தளம் சில வாரமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு நாளைக்கு முன்தான் அதற்கு முறைப்படி தொடக்க விழா. கல்வி அதிகாரி வந்திருந்தார். ஹாலில் பெரிய திரை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு டேப்லெட், அறிவியலில் பத்துக் கேள்வி. விடையைத் தொட்டதும் மார்க் எல்லோர் கண்ணெதிரே திரையில் விழும். விழுந்தது. முதல் பெஞ்ச், அதாவது பள்ளிக்கூடத்தின் மானம் மரியாதையைத் தோளில் சுமக்கிற ரேங்க் கும்பல், அப்படியே கவிழ்ந்தது. ஒருத்தன் முட்டை, இன்னொருத்தி ஒன்று, மிச்சப் பேர் இரண்டு, மூன்று. கடைசி பெஞ்சில் உட்காருகிற ஒரு பெண், எப்போதும் தட்டுத்தடுமாறிப் பாஸாகிறவள், பத்துக்குப் பத்து. அவள் டீச்சரின் மகள்.

அதிகாரி கை தட்டினார். பிரின்சிபால் முகத்தில் ஈயாடவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்து அவரே தீர்ப்பெழுதிவிட்டார். அம்மாவின் பாஸ்வேர்டைத் திருடி மகள் உள்ளே புகுந்திருக்கிறாள், கேள்வியை முன்னாலேயே பார்த்திருக்கிறாள், போகிற போக்கில் முதல் பெஞ்சின் மார்க்கையும் நாசம் பண்ணியிருக்கிறாள். மகளுக்கு டி.சி.

"என் பொண்ணக் காப்பாத்துங்க," என்று மட்டும் டீச்சர் இரண்டு தடவை சொன்னார்.

"வா, ஓட்டைவாய்," என்றாள் அக்கா. "கம்ப்யூட்டர்காரரைப் பார்ப்போம்."

கம்ப்யூட்டர் சார் தன் அறையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "மணியப் பத்திக் கேட்க வந்தீங்களா?" என்றார்.

"இல்ல, மார்க்கப் பத்தி."

"அப்பாடா." நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. "தூங்கிப் பல நாள் ஆச்சுங்க. இங்க எது நடந்தாலும் என் தலைதான் உருளுது. மணி அடிச்சாலும் நான், அடிக்கலைன்னாலும் நான். நேத்து கரண்ட் போனப்ப எல்லாரும் என்னையே முறைக்கறாங்க."

"யாராவது உள்ள புகுந்து மார்க்க மாத்தியிருக்க முடியுமா?"

"மாத்தினா சிவப்புல காட்டிக் கொடுத்துடும். பாருங்க, எங்கயாவது சிவப்பு இருக்கா? அந்தப் பிள்ளைங்க எதைத் தொட்டாங்களோ அதுக்குத்தான் அந்த மார்க்கு. நிஜ முட்டைங்க அது."

"இத பிரின்சிபால்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'முதல் பெஞ்ச் முட்டை வாங்காது, உன் மெஷின் வாங்கியிருக்கும்'னாரு."

"டீச்சரோட கணக்கைத் திறந்தது யாரு?" என்று நான் கேட்டேன்.

"திறந்திருக்கு. திறந்தது அம்மாவா பொண்ணான்னு கேட்டா, அதுக்கு என்ன கண்ணா இருக்கு?" அவர் திரையைத் தள்ளினார். "ஒண்ணு சொல்றேன். டீச்சர் போட்ட பாட வீடியோவுக்குப் பார்வை எக்கச்சக்கமா ஏறியிருக்கு. பிரின்சிபால் அத அதிகாரிகிட்ட பெருமையாக் காட்டினாரு. பள்ளிக்கூடமே பார்க்குதுன்னு நினைச்சிருப்பாரு. பார்த்ததெல்லாம் ஒரே ஆளு."

"அந்தப் பொண்ணா?"

"அதே பொண்ணுதான். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கா."

அக்கா மேஜையைச் சுற்றி ஒரு நடை போய் வந்தாள். "இதை எப்படிப் பயன்படுத்தறதுன்னு டீச்சருங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"நான்தாங்க. ட்ரெய்னிங் வச்சேன். எல்லாரும் வந்தாங்க. எல்லாரும் விடைத்தாள் கட்டோட வந்தாங்க." அவர் குரலில் ஆறாத வருத்தம் இருந்தது. "நான் பாட்டுக்குப் பேசறேன், அவங்க பாட்டுக்குத் திருத்தறாங்க. கடைசியில 'ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க'ன்னேன். ஒருத்தர் கையத் தூக்கினாரு. சந்தோஷமா 'கேளுங்க சார்'னேன். 'சிவப்புப் பேனா தீர்ந்துடுச்சு, உங்ககிட்ட இருக்கா'ன்னாரு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அந்தச் செய்தியை அவள் எங்கேயோ பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வது அவள் முகத்தில் தெரிந்தது.

மணி அடித்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். தாழ்வாரத்தில் பிரின்சிபாலின் குரல் கேட்டது: "இது இல்ல! இது இல்ல! எல்லாரும் உள்ள போங்க!"

அந்தப் பெண்ணை பிரின்சிபால் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவிலிருந்து குதிகாலை வெளியே எடுத்தேன்.

"உன்னை எல்லாரும் ரிப்பீட்டுன்னு கூப்பிடறாங்களாமே?" என்றேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆறாவதுல வச்ச பேரு அங்கிள். புரியலைன்னா 'இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்'னு கேட்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் கேட்கறதை விட்டுட்டேன்."

"அம்மா வகுப்புலயுமா?" என்றாள் அக்கா நடந்துகொண்டே.

"இங்க அவங்க டீச்சர். உனக்காக மட்டும் நிறுத்த முடியாது, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு சொல்லிட்டாங்க."

"வீட்ல?"

"வீட்ல சொல்லித் தருவாங்க. ரெண்டாவது தடவை கேட்டா மூஞ்சி மாறிடும்." கால் ஆடுவது நின்றது. "வீடியோல மாறாது. எத்தனை தடவை போட்டாலும் அதே மாதிரி சொல்லுவாங்க. நல்லா சொல்லுவாங்க."

நான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அக்கா நடப்பதை நிறுத்தியிருந்தாள், அது அபூர்வம்.

"மூணாவது கேள்வி என்னன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இரும்பு துருப்பிடிக்க என்ன வேணும்னு. காத்தும் தண்ணியும் ரெண்டும் வேணும். தண்ணியக் கொதிக்க வச்சு, அதுல ஆணியப் போட்டு, மேல எண்ணெய் ஊத்திட்டா காத்து உள்ள போகாது, துருப்பிடிக்காது. வீடியோல அந்த இடத்துல டீச்சர் ஒரு தடவை இருமுவாங்க."

"விடை எந்த எழுத்துல இருந்துச்சு? அ, ஆ, இ, ஈ?"

"எழுத்தா?" யோசித்தாள். "அதெல்லாம் பார்க்கல ஆன்ட்டி. விடையத்தான் பார்த்தேன்."

"முதல் பெஞ்சப் பார்த்தியா அப்போ?"

"ஹால்ல எங்களை வட்டமா உட்கார வச்சிருந்தாங்க, எதிர்ல தெரிஞ்சாங்க. எல்லாருக்கும் உதடு அசைஞ்சுட்டே இருந்துச்சு, பாட்டு மனப்பாடம் பண்ற மாதிரி. நான் முதல் கேள்வியப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க பத்தும் முடிச்சுட்டுக் கையக் கட்டிட்டாங்க."

"அம்மா உங்கிட்ட என்ன கேட்டாங்க?"

அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "'என் கம்ப்யூட்டரத் திறந்தியா'ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. அதுக்கப்புறம் நாங்க பேசிக்கல."

பெற்ற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது! எனக்கு டீச்சர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் பெஞ்சின் தலைவன் மானிட்டர். அந்த முட்டை அவனுடையது. தண்ணீர்க் குழாயடியில் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் ஒரு வரிசைப் பேனா. எங்களைப் பார்த்ததும் பாட்டில் நிரம்பி வழிவதையும் மறந்துவிட்டான்.

"பயப்படாத தம்பி, ஒரே ஒரு கேள்வி," என்றாள் அக்கா. "அன்னைக்கு மூணாவது கேள்விக்கு என்ன விடை?"

"அ," என்றான் பட்டென்று.

"நாலாவது?"

"இ."

"அஞ்சு?"

"ஈ."

"ரொம்ப நல்லது. அ-ல என்ன எழுதியிருந்துச்சு?"

"எதுல ஆன்ட்டி?"

"மூணாவது கேள்வியோட அ-ல."

பையன் வாயைத் திறந்தான், மூடினான். தண்ணீர் அவன் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, கேள்வி என்னன்னாவது சொல்லு."

அவன் உதடு மட்டும் தானாக அசைந்தது. நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். ஆ, ஈ, அ, இ, ஈ என்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா இது, பல்வலிக்காரன் முனகற மாதிரி?" என்றேன்.

அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது அவனுக்கு. "எங்களுக்கு அப்படித்தான் அங்கிள் சொல்லிக் கொடுத்தாங்க. மனப்பாடம் பண்ணோம். ஒரு எழுத்துகூட மாறல. அப்புறமும் முட்டை. தப்பான எழுத்தைக் கொடுத்து எங்க மானத்த வாங்கிட்டாங்க."

"யாரு கொடுத்தது?"

"சொல்ல மாட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "அவங்க நல்லவங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க."

குழாயடியிலிருந்து திரும்பும்போது என் மூளை ஜெட் வேகத்தில் ஓடியது. "அக்கா, எனக்குப் புரிஞ்சுபோச்சு. பிரின்சிபாலைக் கவுக்கணும்னு யாரோ திட்டம் போட்டிருக்காங்க. வேணும்னே தப்பான விடையப் பிள்ளைங்ககிட்ட கொடுத்திருக்காங்க. யாருன்னு சொல்லட்டுமா? அந்த வரலாற்று வாத்தியார். தலையே நிமிராம திருத்தறாரு பாருங்க, குற்ற உணர்ச்சி."

"அவர் திருத்தறது நாளைக்குக் கொடுக்க வேண்டிய கட்டு," என்றாள் அக்கா. "மத்தபடி நல்ல கதை. நீ எழுதலாம்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"எழுத்து தப்புன்னு யார் சொன்னா உனக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் வேகமாக நடந்தாள். நான் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

கம்ப்யூட்டர் சார் இன்னும் தலையில் கை வைத்த அதே நிலையில் இருந்தார்.

"சார், ட்ரெய்னிங்ல யாருமே கேட்கலைன்னீங்களே," என்றாள் அக்கா. "அதுல விடைங்க எந்த வரிசையில வரும்னு ஏதாவது சொன்னீங்களா?"

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்விக்காக மனிதர் எத்தனை நாள் காத்திருந்தாரோ! "அதுதாங்க இதோட விசேஷமே! விடைங்களை அது கலைச்சுப் போட்டுடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேற வேற வரிசை. ஒருத்தனுக்கு அ-ல இருக்கறது பக்கத்துல இருக்கறவனுக்கு ஈ-ல இருக்கும். எட்டிப் பார்த்து எழுத முடியாது பாருங்க!"

"எழுத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்தவன் கதி?"

"அதோகதி. ஏதோ ஒண்ணு ரெண்டு குருட்டாம்போக்குல..." அவர் அங்கேயே நிறுத்தினார். திரையைப் பார்த்தார். முட்டை, ஒன்று, இரண்டு, மூன்று. "ஐயையோ," என்றார் மெதுவாக.

"கலைக்கறதுக்கு முன்னாடி இருந்த வரிசை யார் கண்ணுல படும்?"

"கேள்வியப் போட்டவங்க ஸ்கிரீன்ல மட்டும்தாங்க இருக்கும். அவங்க டைப் பண்ண வரிசை அப்படியே இருக்கும்."

"ட்ரெய்னிங்ல அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"அவங்கதாங்க முன் வரிசையில உட்கார்ந்து..." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "ஒன்பதாவது விடைத்தாள் திருத்திட்டிருந்தாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் ஓடவில்லை. பிறகு ஓடியது. "அக்கா, அப்படின்னா முதல் பெஞ்சுக்கு எழுத்துக் கொடுத்தது..."

"நம்மளக் கூப்பிட்டவங்கதான்," என்றாள் அக்கா.

அறிவியல் ஆய்வகத்தில் டீச்சர் தனியாக இருந்தார். கழுவிக் கவிழ்த்திருந்த சோதனைக் குழாய்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தன. எங்களைப் பார்த்ததும், "ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார்.

அக்கா கதவைச் சாத்தினாள். "டீச்சர், முதல் பெஞ்சுக்கு எழுத்து யார் கொடுத்தாங்கன்னு நான் கேட்கப் போறதில்ல. உங்க பொண்ணுக்கு ஏன் கொடுக்கலைன்னு மட்டும் சொல்லுங்க."

சோதனைக் குழாய் கையிலிருந்து நழுவி மேஜைமேல் உருண்டது. நல்லவேளை, நான் பிடித்தேன். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்ஸ்பெக்‌ஷன்னா இங்க ஒத்திகை பார்க்கறது புதுசில்லீங்க," என்றார். "எந்தக் கேள்வி கேட்போம், யாரு எழுந்திருப்பா, யாரு முதல்ல தப்பாச் சொல்லி அப்புறம் திருத்திப்பா, அது வரைக்கும் ஒத்திகை உண்டு. எல்லா வாத்தியாரும் பண்றதுதான். இந்தத் தடவை பெரிய திரைன்னதும் பிரின்சிபால் கூப்பிட்டு 'முதல் பெஞ்சப் பார்த்துக்கோங்க டீச்சர்'னாரு. பார்த்துக்கோங்கன்னா என்ன அர்த்தம்னு இங்க எல்லாருக்கும் தெரியும். என் கணக்கத் திறந்து பார்த்து எழுத்த சொல்லிக் கொடுத்தேன். சரியான எழுத்துதான் கொடுத்தேன், சத்தியமா! அது எப்படி முட்டையாச்சுன்னு எனக்கு இன்னும் விளங்கல."

அக்கா விளக்கினாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உங்க பொண்ணு?" என்றாள் அக்கா மறுபடியும்.

"அவ முதல் பெஞ்ச் இல்லையே." டீச்சர் குழாய் துடைத்த துணியை மடித்தார். "அவ தப்பா எழுதினா யாரு கவனிக்கப் போறாங்கன்னு நினைச்சேன். அவ எழுதுவான்னு எனக்குத் தோணவே இல்ல. பெத்தவ நான். பத்துக்குப் பத்துன்னு திரையில பார்த்ததும் எனக்கு முதல்ல வந்த நினைப்பு, திருடிட்டான்னுதான். அவதான் முதல் பெஞ்ச் மார்க்கையும் கெடுத்துட்டாளோன்னு பயந்துதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."

இதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அவ உங்க வீடியோவப் போட்டுப் போட்டுத் தேய்ச்சிருக்கா டீச்சர்! நீங்க எந்த இடத்துல இருமுவீங்கன்னுகூட அவளுக்குத் தெரியும். ஏன் வீடியோன்னு கேட்டதுக்கு என்ன சொன்னா தெரியுமா? வீடியோல உங்க மூஞ்சி மாறாதாம். எத்தனை தடவை கேட்டாலும்."

டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா என்னைத் திட்டவில்லை. துடைத்த குழாய்களை நான் ஒவ்வொன்றாக ஸ்டாண்டில் எடுத்து வைத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நான் இத வெளியில சொன்னா என் வேலை போயிடும்," என்றார் டீச்சர் கடைசியில். "எங்க வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்."

"சொல்லலைன்னா முதல் பெஞ்ச் முட்டை உங்க பொண்ணு தலையிலதான் விடியும்," என்றாள் அக்கா. "மானிட்டர் பையன் வாயத் திறக்க மாட்டான், உங்க மேல அவ்வளவு மரியாதை அவனுக்கு. முட்டைக்குக் காரணம் தெரிஞ்சாத்தான் அவ வாங்கின பத்துக்குப் பத்து நிஜப் பத்துக்குப் பத்தாகும். நான் கண்டுபிடிக்கத்தான் வந்தேன் டீச்சர். கண்டுபிடிச்சத உங்ககிட்ட கொடுத்தாச்சு."

மணி அடித்தது. நாங்கள் காத்திருந்தோம். தாழ்வாரத்தில் யாரும் 'இது இல்ல' என்று கத்தவில்லை.

மீட்டிங் நீள மேஜையில். எல்லா ஆசிரியர்களும் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் விடைத்தாள் கட்டு இருந்தது, எல்லோர் கையிலும் சிவப்புப் பேனா ஓடிக்கொண்டிருந்தது. பிரின்சிபால் மேஜையின் தலைப்பக்கம் நின்று பள்ளியின் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசினார், நம்பிக்கைத் துரோகத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பெண் ஓரத்து நாற்காலியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். கால் மறுபடி ஆடிக்கொண்டிருந்தது. டி.சி. தயாராக டைப் அடித்து, கையெழுத்துக்காக மேஜைமேல் கிடந்தது.

"யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் பிரின்சிபால். பேனாக்கள் நிற்கவில்லை. டீச்சர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் அக்காவும் கதவோரமாக நின்றோம். பேசித் தொலையேன் அக்கா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரின்சிபால் பேனா மூடியைக் கழற்றினார். நிப்பைக் காகிதத்தில் வைத்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள், சரியாகத் தோலுரிந்த இடத்தில். அம்மா என்று கத்தாமல் இருந்தது என் வாழ்நாள் சாதனை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து நின்றிருந்தார்.

"முதல் பெஞ்சுக்கு விடைய முன்னாடியே சொல்லிக் கொடுத்தது நான்," என்றார். "எழுத்தா சொல்லிக் கொடுத்தேன். தளம் எழுத்தைக் கலைச்சுப் போடும்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் முட்டை. யாரும் எதையும் திருடல, யாரும் எதையும் கெடுக்கல."

சிவப்புப் பேனாக்கள் நின்றன. வரலாற்று வாத்தியார் அன்றைக்கு முதல்முறையாகத் தலையைத் தூக்கினார்.

"டீச்சர், யோசிச்சுப் பேசுங்க." பிரின்சிபாலின் குரல் தேன் மாதிரி இறங்கியது. "உங்க வேலை விஷயம் இது."

"யோசிச்சுட்டேன் சார். என்னை வீட்டுக்கு அனுப்புங்க, போறேன். 'பார்த்துக்கோங்க'ன்னு யாரு சொன்னாங்கன்னு அதிகாரி கேட்பாரு. அதையும் நானே சொல்லிடறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

பிரின்சிபால் பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு மூன்று தடவை முயற்சி பண்ணினார்.

டீச்சர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இவ்வளவு பேர் முன்னாடி என் பொண்ணுக்குத் திருடின்னு பேரு வச்சீங்க," என்றார். "நானும்தான் வச்சேன். அதனால இவ்வளவு பேர் முன்னாடியே சொல்றேன். என் பொண்ணு படிச்சு எழுதினா."

மேலே மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. அக்கா பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

ஓரத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மகள் பக்கம் திரும்பினார். நான் அவர் முகத்தையே கவனித்தேன். அது மாறவில்லை.

"என் பொண்ணு படிச்சு எழுதினா," என்றார் நிதானமாக, வீடியோவில் சொல்வது போலவே. "புரிஞ்சுதாம்மா? இல்லைன்னா இன்னும் ஒரு தடவை சொல்றேன்."